விளம்பர இடைவேளை

ஒன்பதரைக்கு மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம்.
தேசிங்கு அண்ணன் சோபாவின் வலது மூலையில்,
அம்மா தரையில் காலை நீட்டி,
நான் கதவுக்கும் டேபிள் ஃபேனுக்கும் நடுவில்.
மே மாதத்துச் சத்துவாச்சாரி.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை இப்போதுதான் கக்குகிறது.
ஏசி வாங்கலாம். இப்போது வாங்கலாம்தான்.
யாரும் பேச்சை எடுப்பதில்லை.

தொடரில் ஜவுளிக்கடை முதலாளி செத்து
இன்றோடு பதினேழாவது எபிசோடு.
மூத்த மகன் அழுதுகொண்டே
பீரோ சாவியைத் தடவுகிறான்.
நமக்குப் புரியாதோ என்று
மூன்று முறை காட்டுகிறார்கள் சாவியை.
"இவன்தான்" என்கிறார் அண்ணன்.
முதல் நாளே சொல்லிவிட்டார்.
இந்த மாதிரி ஆட்களைப் பார்த்ததும்
அவருக்குத் தெரிந்துவிடும்.

மருமகள் பாலில் எதையோ கலக்குகிறாள்.
"குடிக்காத, குடிக்காத" என்று அம்மா
டிவியிடம் கெஞ்சுகிறாள்.

எங்கள் வீட்டில் யாரும் எதிலும் எதையும் கலக்கவில்லை.
அப்பா அவராகத்தான் செத்தார்,
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்,
நுரையீரலில் நீர் கோத்து, ஒரு விடியற்காலை.
வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது
ஆரணியிலிருந்து அக்கா வந்து சேர
ஒன்றரை மணி நேரம் இருந்தது.
ஒரு குடும்பத்துக்கு அது போதும்.

பள்ளிகொண்டா தாண்டி
ஹைவேயை ஒட்டி நாற்பத்திரண்டு சென்ட்.
வேர்க்கடலை போட்டவரைக்கும் அது நிலம்.
டோல்கேட் வந்த பிறகு
அண்ணன் அதை சைட் என்றார்.

உயில் தாள் தயாராக இருந்தது, ஒரு வருடமாக,
எல்ஐசி கவருக்குள்.
சீட்டுக் கம்பெனியின் ஊதா மைப்பெட்டி இருந்தது.
அம்மா கதவைச் சாத்தினாள்.
அவ்வளவுதான் அவள் செய்தது.

அப்பாவின் கட்டைவிரலை நான்தான் பிரித்தேன்.
இன்னும் விறைக்கவில்லை.
அழுத்தி எடுத்தால் தாளில்
ஒரு ஊதாத் திட்டு. வழவழவென்று.
கோடு இல்லை, சுழி இல்லை.
மறுபடி இன்னொரு தாளில். மறுபடி.
ராணிப்பேட்டையில் முப்பத்தொரு வருடம்
சுண்ணாம்புத் தொட்டிக்குள் தோலைப் புரட்டிப் புரட்டி
மாட்டுத்தோலோடு சேர்த்து
தன் தோலையும் உரித்துக் கொடுத்துவிட்டிருந்தார்.

அண்ணன் தாளைப் பார்த்தார்.
பிறகு என் கையைப் பார்த்தார்.
செல்போன் கடையில் உட்கார்ந்து
கண்ணாடியைத் தவிர எதையும் தேய்க்காத கை.

அந்த உயிலில் இருக்கிற அப்பா நான்.
அவர் விரலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தோம்.
அக்கா வந்து, அந்தக் கையைத்தான்
கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திரையில் இன்ஸ்பெக்டர்
பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கிறார்.
"மனுஷன் பொய் சொல்லுவான். ரேகை சொல்லாது."
அண்ணன் வால்யூமைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.
ரிமோட் அவர் தொடையில் கிடக்கிறது.
அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறாள்.
அடுப்பில் எதுவும் இல்லை.

விளம்பரம். நகைக்கடை. நெய். மறுபடி நகைக்கடை.
போன் அடிக்கிறது. நவநீதம் அக்கா.
தினமும் இந்த நேரத்தில்தான் கூப்பிடுவாள்.

"பாக்கறியாடா?"
"ம்."
"அந்தப் பெரிய பையன்தாண்டா. மூஞ்சப் பாத்தாலே தெரிதே.
கூடப் பொறந்தவளுக்கே குழி தோண்டறான், பாவி."
"ம்."
"டேய், ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே கீறேன்.
ரேகை ரேகைன்னு குதிக்கிறானே அந்த போலீஸு,
நம்ம அப்பாவுக்கு ரேசன் கடை மிஷின்ல
ஒரு நாளாச்சும் வெரல் உழுந்துகீதா?
போன பொங்கலுக்குக்கூட நாந்தானே கூடப் போனேன்.
கண்ண காட்டித்தானே அரிசி வாங்கினோம்?"

ஃபேன் என் பக்கம் வந்து
அந்தப் பக்கம் திரும்பிப் போனது.

"சரி சரி, போட்டுட்டான். வெக்கிறேன்."

"இன்னாவாம்?" என்றார் அண்ணன்,
திரையைப் பார்த்தபடி.